நடுவில் வந்த முடிவு

ஒரு சினிமாவின் முடிவை நடுவிலேயே பார்த்துவிட்டு, அதுதான் முடிவு என்று தெரியாமல் மேற்கொண்டு உட்கார்ந்து மிச்சத்தையும் பார்த்து, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போன கூட்டம் எங்கள் எஸ்டேட்டின் மேல் டிவிஷன் கூட்டம். சிரிக்காதீர்கள். அந்தப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்களோடு உட்கார்ந்திருந்தால் நீங்களும் கைதட்டியிருப்பீர்கள்.

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது புரியும். இப்போதுள்ள பிள்ளைகள் படத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். முடிவை முதலில் பார்ப்பது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. நாம் அப்படியா? மாதம் ஒரு படம். அதுவும் கம்பெனி மனசு வைத்தால். அதைப் பேசிப் பேசியே அடுத்த மாதம் வரை ஓட்டுவோம்.

போன மாதம் குமுளியில் எங்கள் ஏலக்காய்க் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, மருமகள் தன் போனில் ஏதோ பழைய மலையாளப் படத்தைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு தையல்காரன், ஒரு ஊர், ஒரு செங்கல் சுவர். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் கதையை விட்டுவிட்டு நீங்கள் போனை எடுத்துத் தேடப் போவீர்கள்.

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தது. மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. நடுவில் ஒரு ஓடை. இரண்டு டிவிஷனுக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே டிஸ்பென்சரி. ஆனால் மாரியம்மன் சப்பரத்தை எந்த லயத்திலிருந்து, அதாவது எந்தக் கூலி வீட்டு வரிசையிலிருந்து, முதலில் தூக்குவது என்ற சண்டையில் பெரியவர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. கீழ் டிவிஷன்காரன் வானம் நீலம் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மறுப்பார்கள்.

இந்தக் கதை என் அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கச்சி. எங்கள் லயத்திலேயே மூன்று கதவு தள்ளிக் குடியிருந்தாள். கொழுந்து பறிக்கும் வேலை. மாமாவுக்குத் தேயிலைக் காட்டு வேலை இல்லை, தபால் வேலை. தோல் பையைத் தோளில் மாட்டி, நுனியில் மணி கட்டிய கம்பை ஊன்றிக்கொண்டு இரண்டு டிவிஷனுக்கும் பெரிய ஆபீசுக்கும் நடப்பார். அந்த மணிச் சத்தம் கேட்டால் அவர்கள் மகள், மூன்று வயசுப் பாப்பா, சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடும். மாமா குனிவார். அது அவர் முதுகைப் பிடித்து ஏறிக் கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும். தினமும் இதே கூத்துதான்.

அத்தைக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சிரிப்பு. வந்தால் அடக்கத் தெரியாது. முதலில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு தொடையில் அடித்துக்கொள்வாள், கடைசியில் கண்ணில் தண்ணீர் கொட்டும். "ஏட்டி, பொம்பளச் சிரிப்பா இது"ன்னு அம்மா கையைப் பிடித்து அழுத்துவாள். அது எண்ணெயில் தண்ணீர் தெளித்த கதையாகத்தான் ஆகும்.

அந்த வருஷம் மாசித் திருவிழாவில்தான் வினை வந்தது. எங்கள் அம்மனுக்குப் பூஜை முடிந்ததும் முதல் மரியாதை துரைக்குத்தான். துரை என்றால் எஸ்டேட் மேனேஜர், வெள்ளைக்காரர் இல்லை, கோட்டயத்துப் பக்கத்துக்காரர். ஆனாலும் துரை துரைதானே. அவருக்குப் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, சந்தனம் வைப்பார் கங்காணியார். எங்கள் டிவிஷனில் வேலையை மேய்ப்பவரும் அவரே, கோயில் தலைவரும் அவரே. அந்த வருஷம் துரை தன் நாயையும் கூட்டி வந்திருந்தார். கன்றுக்குட்டி அளவு நாய். மரியாதை முடிந்த பிறகும் துரை நகரவில்லை, நாயின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கங்காணியாருக்குக் குழப்பம். நாய்க்கும் எதிர்பார்க்கிறாரோ என்று நினைத்துவிட்டார் போல. தட்டில் மிச்சமிருந்த மாலையை எடுத்து நாய் கழுத்தில் போட்டு, அதன் நெற்றியில் சந்தனத்தையும் வைத்துவிட்டார். மேளக்காரர்கள் ஒரு விநாடி நிறுத்தினார்கள், பிறகு நாய்க்கும் சேர்த்து வாசித்தார்கள். நாய் மாலையிலிருந்த ஒரு செவ்வந்தியைப் பிய்த்துத் தின்றது.

அத்தனை பேரும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றோம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. எனக்கும் சிரிப்பு முட்டியது. பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த விக்கல் சத்தம் கேட்டது.

அத்தை சிரித்தாள். துரை திரும்பிப் பார்த்தார். கங்காணியார் திரும்பிப் பார்த்தார். அத்தை கோயில் படியில் உட்கார்ந்து தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "நாய்க்கு… நாய்க்குப் பரிவட்டம் கட்டலையே அண்ணாச்சி"ன்னு நடுவில் ஒரு வார்த்தை வேறு. அவ்வளவுதான். "ஆத்தா முன்னால சிரிச்சா"ன்னு அன்று சாயங்காலமே லயம் முழுக்கப் பேச்சு. மறுநாள் அது "ஆத்தாளப் பாத்துச் சிரிச்சா"ன்னு ஆனது. வாரக் கடைசியில் "கொஞ்ச நாளாவே ஒரு மாதிரியாத்தான் இருக்கா"ன்னு வந்து நின்றது. நாயைப் பற்றி யாரும் பேசவில்லை. நாய்க்கு மாலை போட்டது சரியா தப்பா என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்தன. கொழுந்துக் காட்டில் பக்கத்து நிரையில் நிற்க ஆள் வரவில்லை. மாமா மட்டும் முதலில் எப்போதும்போலத்தான் இருந்தார். பிறகு அவர் அக்கா, லயத்தின் கடைசி வீட்டுக்காரி, தினம் வந்து காதில் ஓத ஆரம்பித்தாள். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே. மாமா நகர்ந்தார்.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது.

கம்பெனியிடம் மெஷின் இரண்டு இருந்தது, டிவிஷனுக்கு ஒன்று. ஆனால் படப்பெட்டி ஒன்றுதான் வாடகைக்கு எடுப்பார்கள். நாலு ரீல், நாலு தகர டப்பா. இருட்டியதும் கீழ் டிவிஷனில் ஓட்ட ஆரம்பிப்பார்கள். இரண்டு ரீல் முடிந்ததும் மாமா அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிக் குறுக்கு வழியில் மேலே வருவார், எங்களுக்குப் படம் தொடங்கும். திரும்பவும் இறங்கிப்போய் மிச்ச இரண்டையும் கொண்டுவருவார். எங்கள் மெஷின்காரர் பகலில் கரண்ட் வேலை பார்ப்பவர். பீடியும் கையுமாகத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். டப்பா மூடியில் என்ன நம்பரோ அதுதான் ரீல், உள்ளே அரிசி இருந்தாலும் மாட்டிவிடுவார்.

இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவில் வேட்டியைக் கட்டினதுதான் திரை. பேக்டரியிலிருந்து தேயிலை வறுபடும் மணம் வரும். மெஷின் சூட்டில் தூசி கருகும் மணம் அதோடு கலக்கும். வெளிச்சக் கற்றையில் பூச்சிகள் பறக்கும், மூடுபனி இறங்கினால் கதாநாயகன் முகமே கரைந்துபோகும். எங்களுக்கு வந்து சேரும் ரீல்கள் நூறு ஊர் பார்த்தவை, தலையும் இருக்காது, வாலும் இருக்காது. பெயர் போடுவதையோ "சுபம்" போடுவதையோ நாங்கள் பார்த்ததே இல்லை. திரை வெள்ளையானால் படம் முடிந்தது என்று எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வோம்.

அன்றைக்கு அத்தை திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முன்னால் இடம் கேட்டால் ஆட்கள் எழுந்து போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பின்னாலிருந்தும் படம் தெரியும், எல்லாரும் இடக்கையால் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். அவளிடம்தான் வறுத்த கடலை இருந்தது.

கதை இதுதான். ஒரு சின்ன ஊர். அதில் ஒரு தையல்காரன், மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவன். பஞ்சாயத்துத் தலைவருக்கு அளவெடுக்கும்போது, "போன வெள்ளத்துக்கு அப்புறம் உங்கள் இடுப்பு ரெண்டு அங்குலம் கூடியிருக்கிறது, ஊருக்குத்தான் குறைந்திருக்கிறது" என்று சொல்லிவிடுகிறான். ஊர் கூடி அவனுக்குப் பைத்தியம் என்று கையைத் தூக்கித் தீர்மானம் போடுகிறது. இது முதல் இரண்டு ரீல். விழுந்து விழுந்து சிரித்தார்கள் எங்கள் ஆட்கள். கங்காணியார்தான் அதிகம் சிரித்தார்.

மாமா அடுத்த இரண்டு டப்பாவையும் கொண்டுவர நேரமானது. வந்தவர் மூச்சு வாங்க டப்பாக்களை வைத்துவிட்டு இருட்டில் ஒதுங்கிவிட்டார்.

மூன்றாவது ரீலில், பைத்தியம் பரவாமலிருக்க ஊர்க்காரர்கள் ஊரைச் சுற்றிச் சுவர் கட்டுகிறார்கள். தையல்காரன் வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தைக்கிறான், தாடி வளர்ந்திருக்கிறது. சுவர் உயர்ந்து கடைசிச் செங்கலும் வைத்த பிறகுதான் வாசல் விட மறந்தது தெரிகிறது. உள்ளே அரிசி தீர்கிறது. தையல்காரன் வெளியிலிருந்து ஒரு ஏணியைச் சாத்தி வைக்கிறான். பைத்தியத்தின் ஏணி என்று யாரும் தொடமாட்டேன் என்கிறார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் சுவர் மேல் ஏறி அந்த ஏணியில் இறங்கி வருகிறது.

நாலாவதில் தையல்காரனைப் பிடித்துச் சந்தைத் தூணில் சங்கிலியால் கட்டுகிறார்கள். பாண்டு வாசிக்கிறார்கள், வெடி போடுகிறார்கள், தலைவர் பேசுகிறார், ஊரே கைதட்டுகிறது. திரை வெள்ளையாகிறது. நாங்களும் கைதட்டினோம்.

சுவருக்கு வெளியே இருந்தவன் எப்படித் தூணுக்கு வந்தான்? இந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே விடை கண்டுபிடித்துவிட்டார்கள். மலையாளம் பாதிதான் புரியும் என்பதால் மீதியை அவர்களே போட்டுக்கொள்வது வழக்கம். அவன் பிள்ளை பிடிக்கிறவன். ஏணி போட்டுப் பிள்ளையைத் திருடினான். அதனால்தான் பிடித்துக் கட்டினார்கள். நல்ல முடிவு, பிள்ளை குட்டி வைத்திருப்பவர்களுக்குப் புத்தி சொல்கிற படம்.

ஆனால் அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள்ளேயே திரைக்குப் பின்னாலிருந்து விக்கல் கேட்டிருந்தது. அத்தை எழுந்து நின்று சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னாள். "படத்த மாத்தி ஓட்டிட்டாக! அந்த ஏணிக்காரன் காலப் பாக்கலையா நீங்க? கணுக்கால்ல சங்கிலித் தழும்பு கெடந்துச்சே. புண்ணு மொதல்ல ஆறி, பெறவுதான் சங்கிலி போடுவாகளோ?"

நான் பார்த்திருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் பார்த்தது நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் மெஷின் வெளிச்சத்தில் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தர் கூடத் திரையை நினைத்துப் பார்க்கவில்லை.

"நாங்க இத்தன பேரு பாத்தோம், எங்களுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரியுதாம்"னு கங்காணியார் சொன்னார். அவர் கண் பாப்பா மேல் விழுந்தது. மாமா பக்கம் திரும்பினார். "மாப்ள, பிள்ளை எங்க இருக்கு பாத்தீரா? இப்பத்தான் படத்துல காட்டினான்."

மறுநாள் பாப்பாவை மாமாவின் அக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பைத்தியக்காரி கையில் பிள்ளையை விடக்கூடாது என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. அடுத்த புதன்கிழமை டிஸ்பென்சரிக்கு டாக்டர் வரும்போது அத்தையைக் காட்டிச் சீட்டு வாங்குவது, கீழ்நாட்டிலிருந்த பெரிய பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவானது. எங்கள் எஸ்டேட்டிலிருந்து அங்கே போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. போகிறவளின் பெயரைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். பிள்ளை பிறகு அவளுடையது இல்லை.

பள்ளிக்கூடத்தில் கீழ் டிவிஷன் பிள்ளைகளிடம் கேட்டேன். "கடைசியில அந்தப் பாப்பா ஏணில எறங்கி வந்துரும். அவ்வளவுதான் படம்"னு சொன்னார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் மண்ணாங்கட்டிச் சண்டையே நடந்தது. எனக்குப் புருவத்தில் காயம். ஆனால் உண்மை கிடைத்த சந்தோஷத்தில் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "அத்த சொன்னது நெசம்ப்பா, கீழ் டிவிஷன்ல ஏணிதான் கடைசி." அப்பா என் புருவத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "கீழ் டிவிஷன்காரன் என்னைக்குத் தாயி நேராப் பாத்திருக்கான்?" அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து திரும்பி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. படம் பார்த்த மறுநாள் காலையில் குழாயடியில் அத்தை துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாததால் நான் போய் நின்றேன். மாமாவின் காக்கிச் சட்டை. முதுகு முழுக்க ஓடைச் சேறு, முழங்கையில் கிழிசல். பையைப் புரட்டியபோது கருப்பாய் ஒரு துண்டு விழுந்தது. விரல் நீளம் படச்சுருள். அத்தை அதை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். எனக்கும் காட்டினாள். ஒரு சுவர், அதில் சாத்தின ஏணி, ஏணியில் யாரும் இல்லை. அடுத்த கட்டத்திலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்காமலிருந்ததைப் பார்த்தேன். "ஓடைல வழுக்கி விழுந்திருக்காக"ன்னு மெதுவாகச் சொன்னாள். "டப்பா தொறந்து உருண்டு, சுருள் நுனி அறுந்திருக்கும். இருட்டுல மூடி மாறிருச்சு." பிறகு, "யாருட்டயும் சொல்லிராத. தபால் பையப் புடுங்கிட்டு மம்பட்டியக் குடுத்துருவாக உங்க மாமாவுக்கு. அவுகளுக்கு நெஞ்சுல பெலம் கெடையாது."

சட்டை காய்ந்ததும் மடித்து, அந்தத் துண்டைத் துடைத்து, அதே பையில் திரும்ப வைத்துவிட்டாள். மாமா அந்தச் சட்டையைத்தான் தினமும் போட்டுக்கொண்டு தபாலுக்குப் போனார். பைக்குள் கைவிடும்போதெல்லாம் அது விரலில் பட்டிருக்கும். தான் விழுந்தது அவளுக்குத் தெரியும் என்பதும், அவள் வாயைத் திறக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. சாயங்காலம் மணி ஓசையோடு வருவார். குனிவதற்கு ஆள் இல்லாமல் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போவார். மாமாவைத் திட்டவேண்டும் போல் இருந்தது எனக்கு. இப்போது நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. பயந்த மனுஷன். மண்வெட்டிக்குப் பயந்தார், அக்காவுக்குப் பயந்தார், கங்காணியாருக்குப் பயந்தார். யாருக்கும் பயப்படாதவள் ஒருத்தியைத்தான் பைத்தியம் என்று அனுப்பப் பார்த்தார்.

புதன்கிழமை எனக்குக் காதுவலி. அம்மா மருந்து ஊற்ற என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதனால் டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு காதால் கேட்டேன். டாக்டர் மலையாளி, சின்ன வயசு. எங்கள் தமிழைக் கொஞ்சம் கற்றிருந்தார்.

"எந்தா இவளுக்கு?" என்றார்.

"சிரிக்கா சார்"னு சொன்னார் கங்காணியார்.

"சிரிச்சால் என்ன?"

"ஆத்தா முன்னால சிரிச்சா. நாயி வந்தப்ப சிரிச்சா."

"ஏது நாய்?"

"தொரையோட நாயி சார். அதுக்கு மாலை போட்டப்ப."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நாயிக்கு மாலை இட்டது ஆரு?"

கங்காணியார் மேலே கூரையைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு கங்காணியார் அவசரமாகச் சொன்னார். "அதெல்லாம் போகட்டும் சார். படம் மாறி ஓடுதுங்கா. ஊரே உக்காந்து பாத்த படம். யாருக்கும் தெரியாத தழும்பு இவ கண்ணுக்கு மட்டும் தெரியுதாம். இல்லாதது தெரிஞ்சா அது என்ன சார்?"

டாக்டரின் முகம் மாறியது. இல்லாததைப் பார்ப்பது என்றால் அது வேறு விஷயம்தானே அவர்களுக்கு. சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார். அத்தை கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கிருந்து எங்கள் லயத்தின் கடைசி வீடு, பாப்பா இருந்த வீடு, தெரியும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சொன்னால்கூடப் போதும் என்று எனக்குத் துடித்தது. அத்தை என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்று.

கையெழுத்துப் போடுமுன் டாக்டர் மாமாவை நிமிர்ந்து பார்த்தார். "நீயல்லே இவளுடைய பர்த்தாவு? நீ பறயணும். இவள் சொன்னது இல்லாத காரியமா?"

மாமா நின்றார். சட்டைப் பைக்குள் கை போனது. அங்கேயே வெகுநேரம் இருந்தது. வெளியே எடுத்தபோது அந்தக் கருப்புத் துண்டு விரலில் ஆடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் வைத்தார்.

"உள்ளதுதான் சார். ஓடைல விழுந்துட்டேன். ரீல மாத்தி வச்சிட்டேன். அவ சொன்னதுதான் நெசம். அவளுக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான்…"

டாக்டர் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கங்காணியாரைப் பார்த்தார். பிறகு டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலி பின்னால் சாயச் சாயச் சிரித்தார். டாக்டர் சிரித்தால் என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, "வீட்டில் போ" என்றார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? எங்கள் ஆட்களை நீங்கள் அறியமாட்டீர்கள். வெளியே வந்ததும் கங்காணியார் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். "மாப்ளைக்கும் புடிச்சிருச்சு. பொண்டாட்டிக்காக இப்படி ஒரு பொய்யா? அந்த டாக்டரையும் கவனிச்சீரா?" நாங்கள் லயத்துக்கு வந்து சேருவதற்குள் செய்தி முன்னால் வந்து சேர்ந்திருந்தது. படத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டுக் கைதட்டினோம் என்று ஒத்துக்கொள்வதைவிட, மூன்று பேருக்குப் பைத்தியம் என்று சொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

மாமா அங்கே நிற்கவில்லை. நேரே அக்கா வீட்டுக்குப் போனார், அத்தையும் நாங்களும் பின்னாலேயே போனோம். அக்கா கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினாள். "ரெண்டு கிறுக்குக்கு நடுவுல பிள்ளைய விடமாட்டேன்லே!" மாமா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், அடுப்படி ஜன்னலுக்குக் கீழே நின்று, கம்பைத் தரையில் ஊன்றி ஒரு தட்டுத் தட்டினார்.

மணி அடித்தது.

உள்ளே தட்டு உருளும் சத்தம் கேட்டது. ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது, பிறகு ஒரு கால். கம்பி இல்லாத ஜன்னல் அது. மாமா திரும்பி நின்று குனிந்தார். பாப்பா அவர் தலைமுடியைப் பிடித்து, தோளில் கால் வைத்து, முதுகு வழியாகச் சறுக்கி இறங்கி அத்தையின் காலைக் கட்டிக்கொண்டது. வாயெல்லாம் சோறு.

"பிள்ளையத் திருடுதான்! பிள்ளையத் திருடுதான்!" என்று அக்கா உள்ளேயிருந்து கூப்பாடு போட்டாள்.

அப்போது என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. விக்கல். அத்தை இல்லை, என் அம்மா. முந்தானையை வாயில் வைத்து அழுத்திப் பார்த்தாள், முடியவில்லை. "அடுத்து பாண்டு வாசிப்பாகளா மதினி"ன்னு அத்தை கேட்டாள். அவ்வளவுதான், அம்மா அப்படியே விறகுக் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள், பிறகு கங்காணியாரின் வீட்டம்மா. எனக்கு அழுகைதான் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. ஆண்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் பாப்பாவைத் திரும்பப் பிடுங்கவும் வரவில்லை.

தபால் பை போய்விட்டது. அத்தை சொன்ன மாதிரியே மண்வெட்டி வந்தது. மாமா அத்தை கொழுந்து பறிக்கும் காட்டுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார். அந்த மணிக் கம்பு யார் கையில் போய் எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை. லயத்தில் அவருக்கு "ஏணி" என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரட்டில்கூட, "ஏணி வந்தாச்சா?" என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. அவர் அதை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தபோது கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் பெயருக்குப் பக்கத்தில் அதையும் போட்டார்கள்.

குமுளியில் அன்றைக்கு மருமகளிடமிருந்து போனை வாங்கி முழுப் படத்தையும் வரிசையாகப் பார்த்தேன். சங்கிலி முதலில், எங்கள் ரீலில் அறுந்துபோயிருந்த துரத்தல் அடுத்து, சுவர் பிறகு. தழும்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. எங்கள் ரீலில் இல்லாத வாலும் இதில் இருந்தது. சின்னப் பெண் இறங்கி வந்த பிறகும் படம் கொஞ்சம் ஓடுகிறது. உள்ளே இருக்கிறவர்கள் சுவர்மேல் ஏறி எட்டிப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது" என்று கத்துகிறார்கள். பிறகு காலியான ஏணியை மெல்ல மேலே இழுத்து, அதை உடைத்து அடுப்பெரிக்கிறார்கள். அதுதான் சுபம். மாமாவின் பையில் இருந்த துண்டு, அவள் இறங்கியதும் ஏணி காலியாக நிற்கும் இடம் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த வாலைப் பார்க்காமலே நாங்கள் அதை எவ்வளவு அச்சாக நடித்துக் காட்டியிருக்கிறோம் என்று நினைத்து வெட்கமாக இருந்தது.

போன வாரம் பஸ் ஏறித் தேவிகுளத்துக்குப் போனேன். அத்தை இப்போது மகளோடு இருக்கிறாள். பாப்பா டூரிஸ்டுகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறாள், தலை பாதி நரைத்துவிட்டது. நானும் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அத்தைக்குக் கண் மங்கல். போனை அவள் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். நாய்க்கு மாலை போட்டதை முதலில் ஒருமுறை பேசி இருவரும் சிரித்தோம், பிறகு படத்தைப் போட்டேன். சங்கிலி போடும் இடம் வந்தபோது, "இப்ப சரியா ஓட்டுதாக"ன்னு திருப்தியாகச் சொன்னாள். சுவர் எழுந்தது. ஏணி வந்தது. சின்னப் பெண் சுவர்மேல் தெரிந்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், அடுத்த காலை எடுத்து வைத்தாள், இறங்கி மண்ணில் நின்றாள்.

"நிறுத்துட்டி"ன்னு சொன்னாள் அத்தை.

விரலை வைத்து நிறுத்தினேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு அத்த."

"இருக்கட்டும்." அவள் போனைப் பார்க்கவில்லை. அடுப்படியில் பாப்பா யாரையோ போனில் திட்டிக்கொண்டே எங்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். "அவ எறங்கி வந்துட்டாள்ல? எனக்கு அது போதும்."